வீட்டு டிவிடியை எடிட் செய்யும் வீடியோவாக மாற்றுவது எப்படி?

திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா, குழந்தையின் முதல் பிறந்த நாள் என வீட்டு விசேஷங்கள் அனைத்தையும் ஒரு காலத்தில் டிவிடியில் பதிந்து வாங்கி வைத்தோம். இன்று அந்த மூன்று மணி நேர திருமண வீடியோவில், தாத்தா மணமக்களை ஆசீர்வதிக்கும் இரண்டு நிமிடம் மட்டும் தேவைப்படுகிறது. அதைத் தனியாக வெட்டி எடுத்து உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும். டிவிடியைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தால் விஓபி, ஐஎப்ஓ, பியுபி எனப் புரியாத பெயர்களில் பைல்கள் தெரிகின்றன. அவற்றை எடிட்டிங் சாப்ட்வேரில் கொண்டு சென்றால் சில திறப்பதில்லை; திறந்தாலும் படம் கோடு கோடாக வருகிறது அல்லது ஆட்கள் குண்டாகவோ ஒல்லியாகவோ தெரிகிறார்கள்.

இது ஏன் நிகழ்கிறது, இதனை எப்படிச் சரி செய்வது என்று இங்கு காண்போம். அதற்கு முன் ஒன்றை மனதில் கொள்ளவும். பெரும்பாலான வீடுகளில் அந்த டிவிடிதான் மிச்சமிருக்கும் ஒரே பதிவு. படம் பிடித்த கேஸட்டை வீடியோகிராபர் அடுத்த விசேஷத்திற்குப் பயன்படுத்தி இருப்பார். எனவே எடிட் செய்வது இரண்டாவது வேலைதான். டிஸ்க்கில் உள்ளதை அப்படியே பத்திரமாக ஹார்ட் டிஸ்க்கிற்குக் கொண்டு வருவதே முதல் வேலை.

டிவிடிக்குள் என்ன உள்ளது?

டிவிடியை விண்டோஸ் எக்ஸ்புளோரரில் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற போல்டர் கிடைக்கும். சில டிஸ்க்குகளில் ஆடியோ_டிஎஸ் என்று இன்னொன்றும் இருக்கும். அது காலியாகவே இருக்கும். அதனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீடியோ_டிஎஸ் போல்டரில் மூன்று வகை பைல்கள் உள்ளன.

விஓபி: படமும் ஒலியும் சேர்ந்து இருப்பது இதில்தான். ஒரு பைல் 1 ஜிபி அளவைத் தாண்டக் கூடாது என்பது டிவிடியின் விதி. எனவே நீளமான வீடியோ துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். விடிஎஸ்_01_1, விடிஎஸ்_01_2 என வரிசையாகச் செல்பவை ஒரே வீடியோவின் தொடர்ச்சி. பூஜ்யத்தில் முடியும் விடிஎஸ்_01_0 என்பதில் மெனு படம் மட்டுமே இருக்கும்.

ஐஎப்ஓ: எந்த வீடியோ எங்கு தொடங்குகிறது, எத்தனை அத்தியாயங்கள் உள்ளன என்ற விவரம் கொண்ட சிறிய பைல்.

பியுபி: ஐஎப்ஓ பைலின் மாற்றுப் பிரதி.

ஒரு பக்க, ஓரடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி கொள்ளும் என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். விண்டோஸ் இதனை ஏறத்தாழ 4.37 ஜிபி என்று காட்டும். கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு இது; டிஸ்க்கில் குறை எதுவும் இல்லை.

நேரடியாக எடிட் செய்வதில் என்ன சிக்கல்?

டிவிடி என்பது பார்ப்பதற்காக உருவாக்கப்பட்டது; வெட்டி ஒட்டுவதற்காக அல்ல. மூன்று காரணங்களைப் புரிந்து கொண்டால் பின்னால் வரும் செட்டிங்ஸ் எல்லாம் தானாகவே விளங்கும்.

1. சுருக்கும் முறை: டிவிடியில் உள்ள வீடியோ எம்பெக் 2 முறையில் சுருக்கப்பட்டது. நம் நாட்டு டிவி முறையான பால் அமைப்பில் விநாடிக்கு 25 படங்கள். அத்தனையையும் முழுதாக எழுதினால் ஒரு மணி நேரத்திற்கு 56 ஜிபி வரை தேவைப்படும். எனவே ஏறத்தாழ அரை விநாடிக்கு ஒரு முறை மட்டுமே ஒரு முழுப் படம் எழுதப்படுகிறது. இடையில் உள்ளவற்றிற்கு, முன் பின் படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே உள்ளது. நீங்கள் வெட்ட விரும்பும் இடத்தில் முழுப் படம் இல்லை என்றால், சாப்ட்வேர் பக்கத்துப் படங்களைப் பார்த்துக் கணக்கிட்டு அதனை உருவாக்க வேண்டும். எடிட் செய்கையில் படம் தடுமாறுவதும், வெட்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரிவதும் இதனால்தான்.

2. பாதிப் படங்கள்: பழைய டிவிக்கள் படத்தை ஒரே நேரத்தில் முழுதாகக் காட்டுவதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள், பின் இரட்டைப்படை வரிகள் என விநாடிக்கு 50 பாதிப் படங்களாகக் காட்டின. இது இன்டர்லேஸ் எனப்படும். வீடியோ கேமராக்களும் அவ்வாறே படம் பிடித்தன. கம்ப்யூட்டர் திரையில் இரு பாதிகளும் ஒரே நேரத்தில் சேர்த்துக் காட்டப்படுகையில், அசையும் கை, ஓடும் குழந்தை ஆகியவற்றின் ஓரங்களில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரியும்.

3. சதுரமில்லாத புள்ளிகள்: பால் டிவிடியில் படத்தின் அளவு 720 x 576 புள்ளிகள். பழைய 4:3 டிவிக்கான படமும், அகலமான 16:9 படமும் இதே புள்ளிக் கணக்கில்தான் பதியப்படுகின்றன. பார்க்கும்போதுதான் பிளேயர் அதனை 768 x 576 அல்லது 1024 x 576 அளவிற்கு இழுத்துக் காட்டுகிறது. இந்தக் குறிப்பைக் கவனிக்காத சாப்ட்வேரில் முகங்கள் நீண்டோ நசுங்கியோ போகின்றன. அமெரிக்கா, கனடாவில் உள்ள உறவினர் அனுப்பிய டிவிடி எனில் அது பெரும்பாலும் என்டிஎஸ்சி முறையில் இருக்கும். அதில் அளவு 720 x 480, விநாடிக்கு 29.97 படங்கள்.

முதல் வேலை: முழு நகல்

புதிய லேப்டாப்களில் டிவிடி டிரைவ் இருப்பதில்லை. யுஎஸ்பியில் இணைக்கும் வெளி டிரைவ் ஒன்று வாங்கலாம் அல்லது நண்பரிடம் இரவல் பெறலாம். அதனை யுஎஸ்பி ஹப்பில் செருகாமல் கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகவும். மின்சாரம் போதாவிட்டால் டிஸ்க் சுழன்று சுழன்று நின்றுவிடும்.

டிஸ்க்கில் தூசி, விரல் ரேகை இருந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கவும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் வட்டப் பாதையில் எழுதப்பட்டிருப்பதால், வட்டமாக ஏற்படும் ஒரு கீறல் தொடர்ச்சியாகப் பல தகவல்களை அழித்துவிடும்.

பின் வீடியோ_டிஎஸ் போல்டரை முழுமையாக ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்திடவும். முன்னதாக, "அண்ணன் திருமணம் 2006 டிஸ்க் 1" என்பது போல் தெளிவான பெயரில் ஒரு போல்டர் உருவாக்கிக் கொள்ளவும். எல்லா டிஸ்க்கிலும் பைல்களின் பெயர்கள் ஒன்றாகவே இருப்பதால், ஒரே போல்டரில் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும்.

காப்பி முடிந்ததும் வீடியோவை விஎல்சி பிளேயரில் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் இயக்கிப் பார்க்கவும். விண்டோஸ் 8 வெளியான 2012 முதல் டிவிடி பார்க்கும் வசதி விண்டோஸுடன் தானாக வருவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி அந்தக் குறையைத் தீர்க்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் இந்தப் போல்டரை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் காப்பி செய்து வைக்கவும். இதுதான் இனி உங்கள் மூலப் பிரதி. இதில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம்.

இந்த அவசரத்திற்குக் காரணம் உண்டு. கடையில் விற்ற சினிமா டிவிடியில் தகவல் அச்சிலேயே பதிக்கப்படுகிறது. வீடியோகிராபர் எழுதிக் கொடுத்த டிவிடியிலோ, சாயப் பூச்சு ஒன்றில் லேசர் மூலம் எழுதப்பட்டிருக்கும். வெயிலும் வெப்பமும் ஈரமும் இந்தச் சாயத்தைக் கெடுக்கும். வெளியில் ஒரு கீறல்கூட இல்லாத டிஸ்க்கும் ஒரு நாள் படிக்க முடியாமல் போகலாம். படிக்கும்போதே காப்பி செய்து கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இங்கு சொல்லப்படுபவை நம் வீட்டு டிவிடிகளுக்கு மட்டுமே. விலைக்கு வாங்கிய திரைப்பட டிவிடிகளில் காப்பி தடுப்புப் பூட்டு உண்டு. 2012ல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில், உரிமையை மீறும் நோக்கத்துடன் இத்தகைய பூட்டை உடைப்பதற்குத் தண்டனை உண்டு.

எடிட்டிங்கிற்கு மாற்றும் வழி

இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் என மூன்றிலும் இயங்கும். முற்றிலும் இலவசம். இதன் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து மட்டுமே டவுண்லோட் செய்திடவும். தேடல் முடிவுகளில் வரும் வேறு தளங்களில் போலியான டவுண்லோட் பட்டன்கள் அதிகம்.

1. ஹேண்ட்பிரேக்கைத் திறந்து, போல்டரைத் தேர்ந்தெடுக்கும் பட்டனில் கிளிக் செய்து, ஹார்ட் டிஸ்க்கில் உள்ள வீடியோ_டிஎஸ் போல்டரைக் காட்டவும். டிஸ்க்கிலிருந்து நேரடியாக மாற்றுவதைவிட இது வேகமானது.

2. டைட்டில் என்ற பட்டியலில், டிவிடியில் உள்ள வீடியோக்கள் அவை ஓடும் நேரத்துடன் கிடைக்கும். தேவையானதைத் தேர்ந்தெடுக்கவும். நேரம் அதிகமாக இருப்பதே பெரும்பாலும் முக்கிய வீடியோ.

3. முழு வீடியோவும் தேவை இல்லை எனில், ரேஞ்ச் என்ற இடத்தில் சாப்டர்ஸ் என்பதற்குப் பதிலாக செகண்ட்ஸ் தேர்ந்தெடுத்து, தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் கொடுக்கவும். தேவையான பகுதிக்கு முன்னும் பின்னும் பத்து விநாடி கூடுதலாக விடவும். துல்லியமாக வெட்டுவதை எடிட்டிங்கில் பார்த்துக் கொள்ளலாம்.

4. பிரிசெட்ஸ் பட்டியலில் புரொடக்ஷன் என்ற பிரிவில் புரொடக்ஷன் ஸ்டாண்டர்ட் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். எடிட்டிங்கில் பயன்படுத்துவதற்கென்றே தரப்பட்டுள்ள அமைப்பு இது. பைல் அளவு மிகப் பெரியதாக இருக்கும். வேலை முடிந்தபின் அழித்துவிடலாம் என்பதால் கவலை வேண்டாம்.

5. டைமென்ஷன்ஸ் டேபில் அனமார்பிக் என்ற இடத்தில் நன் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். இதனால் புள்ளிகள் சதுரமாகிவிடும். 4:3 படம் எனில் 720 x 540 அல்லது 768 x 576 என்று வரும். இரண்டுமே சரியான விகிதம்தான்.

6. பில்டர்ஸ் டேபில் டிஇன்டர்லேஸ் என்ற இடத்தில் யாடிப் என்பதனையும், அதன் பிரிசெட்டாக பாப் என்பதனையும் தேர்ந்தெடுக்கவும். இது ஒவ்வொரு பாதிப் படத்தையும் தனித்தனி முழுப் படமாக மாற்றும். சீப்புக் கோடுகள் மறையும். அசைவுகள் டிவியில் பார்த்தது போலவே வழுக்கிச் செல்லும்.

7. வீடியோ டேபில் பிரேம்ரேட் 50 எனவும், அதன் கீழ் கான்ஸ்டன்ட் எனவும் அமைத்திடவும். இதனை விட்டுவிட்டால் 6ஆவது படியில் கிடைத்த பயன் பாதியாகிவிடும். மாறாத பிரேம்ரேட் இருந்தால்தான் எடிட்டிங்கில் உதட்டசைவும் ஒலியும் விலகாமல் இருக்கும். என்டிஎஸ்சி டிஸ்க் எனில் 50க்குப் பதில் 59.94 தரவும்.

8. பிரவுஸ் பட்டனில் கிளிக் செய்து பைலுக்குப் பெயரும் இடமும் தந்து, ஸ்டார்ட் என்கோட் கிளிக் செய்திடவும்.

முதல் முறையே மூன்று மணி நேர வீடியோவை மாற்ற வேண்டாம். ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி, அதில் முகங்கள் சரியான வடிவில் உள்ளனவா, கோடுகள் மறைந்தனவா, ஒலி சேர்ந்து வருகிறதா என்று பார்க்கவும். சரி எனில் மீதியைத் தொடரலாம்.

தரம் குறையாமல் மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் வேறு பொருளில். மேலே சொன்ன வழியில் வீடியோ ஒரு முறை அவிழ்க்கப்பட்டு மீண்டும் சுருக்கப்படுகிறது. ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் சிறிதளவு தெளிவு போகும். ஜெராக்ஸ் எடுத்த பிரதியை மீண்டும் ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான். திரும்பப் பெறவும் முடியாது.

சுருக்காமல் மாற்ற, மேக் எம்கேவி என்ற சாப்ட்வேர் உதவும். டிவிடிகளுக்கு இதனை இலவசமாகப் பயன்படுத்தலாம். துண்டு துண்டான விஓபி பைல்களில் உள்ள படத்தையும் ஒலியையும் தொடாமல், ஒரே எம்கேவி பைலாக இது அமைத்துத் தரும். பொருளை மாற்றாமல் பெட்டியை மட்டும் மாற்றுவது எனலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டு நிமிடத்திற்கும் குறைவான வீடியோக்களை இது வழக்கமாகப் பட்டியலில் காட்டாது. சிறு துண்டுகள் வேண்டுமெனில் அதன் பிரிபரன்சஸ் பகுதியில் இந்த நேரத்தைக் குறைத்திடவும்.

எல்லா வீடியோவையும் ஒரே பைலாக வைத்துப் பார்க்க மட்டுமே போகிறீர்கள் எனில் இந்த எம்கேவி போதும். பல இடங்களில் வெட்டி, தலைப்பு சேர்த்து, இசை சேர்க்கப் போகிறீர்கள் எனில் ஹேண்ட்பிரேக் வழியே வசதியானது.

எடிட் செய்தல்

ஒரு காலத்தில் அனைவரும் பயன்படுத்திய விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ல் கிளிப்சேம்ப் தரப்படுகிறது. கூடுதல் வசதி வேண்டுவோர் இலவசமாகக் கிடைக்கும் ஷாட்கட் சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம். இதில் மாற்றிய பைலைத் திறந்து டைம்லைனில் இழுத்துப் போடவும். வெட்ட வேண்டிய இடத்தில் கோட்டை நிறுத்தி எஸ் கீ அழுத்தினால் வீடியோ இரண்டாகப் பிரியும். வேண்டாத துண்டைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் கீ அழுத்தினால் அது நீங்கி, இடைவெளியும் மூடிக் கொள்ளும்.

எடிட் செய்யும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் புராஜக்டை சேவ் செய்திடலாம். இதில் வீடியோ சுருக்கப்படுவதில்லை. ஆனால் எக்ஸ்போர்ட் என்பதனை ஒரே ஒரு முறை, எல்லாம் முடிந்தபின் மேற்கொள்ளவும். எக்ஸ்போர்ட் செய்த பைலையே மீண்டும் திறந்து வெட்டி மீண்டும் எக்ஸ்போர்ட் செய்வது பலரும் கடைப்பிடிக்கும் தவறான பழக்கம். அதுதான் மேலே சொன்ன ஜெராக்ஸ் கதை.

எக்ஸ்போர்ட் செய்கையில் 1080 அல்லது 4கே தேர்ந்தெடுத்தால் படம் தெளிவாகிவிடும் என்று எண்ண வேண்டாம். 576 வரிகளில் இல்லாத விவரம் பெரிதாக்குவதால் வந்துவிடாது. பைல்தான் பெரிதாகும்.

சில சந்தேகங்கள்

டிஸ்க் காலி என்று காட்டுகிறதே? டிவிடி கேமரா அல்லது டிவிடி ரெகார்டரில் பதிந்து, இறுதியில் பைனலைஸ் செய்யாமல் விட்டிருக்கலாம். பதிந்த அதே கருவி இருந்தால் அதில் பைனலைஸ் செய்திடவும். எந்த நிலையிலும் விண்டோஸ் "பார்மட் செய்யவா?" என்று கேட்டால் சம்மதிக்க வேண்டாம்.

கேமராவின் சிறிய டிஸ்க்கை டிரைவில் போடலாமா? 8 செமீ அளவுள்ள அந்த டிஸ்க்கை, தட்டு வெளியே வரும் டிரைவில் உட்புற வட்டக் குழியில் வைக்கலாம். டிஸ்க்கை உள்ளிழுக்கும் துளை வகை டிரைவில் போடக் கூடாது. சிக்கிக் கொள்ளும்.

காப்பி பாதியில் நிற்கிறதே? மீண்டும் மீண்டும் முயன்று டிரைவைச் சூடாக்க வேண்டாம். வேறு டிரைவில் போட்டுப் பார்க்கவும். ஒரு டிரைவ் படிக்காத டிஸ்க்கை இன்னொன்று படிப்பது மிகவும் சாதாரணம். பைல்களை ஒவ்வொன்றாகக் காப்பி செய்தால், கெட்டுப்போன துண்டு தவிர மற்றவையாவது கிடைக்கும்.

சினிமா பாட்டை நீக்கி, பேச்சை மட்டும் எடுக்க முடியுமா? வீடியோகிராபர் பாட்டையும் பேச்சையும் கலந்துதான் டிவிடியில் எழுதியிருப்பார். முழுமையாகப் பிரிப்பது கடினம். இந்த வீடியோவை யுடியூபில் ஏற்றினால் பாட்டிற்கான உரிமைக் கோரிக்கை வரலாம். பாட்டு இல்லாத பகுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

விசிடி இருந்தால்? டிவிடிக்கு முன் பல வீடுகளில் விசிடிதான் வாங்கினோம். அதில் எம்பெக்ஏவி என்ற போல்டரில் டிஏடி பைலாக வீடியோ இருக்கும். பால் முறையில் அளவு 352 x 288 மட்டுமே. அதனைக் காப்பி செய்து விஎல்சியில் பார்க்கலாம். இதில் பாதிப் படங்கள் இல்லை என்பதால் டிஇன்டர்லேஸ் தேவை இல்லை. இந்த டிஸ்க்குகள் டிவிடியைவிட வயதானவை. எனவே இவற்றை முதலில் காப்பி செய்திடவும்.

வேலை முடிந்ததும் ஹேண்ட்பிரேக் தந்த பெரிய பைலை அழித்துவிடலாம். வீடியோ_டிஎஸ் போல்டரை மட்டும் ஒருபோதும் அழிக்க வேண்டாம். நாளை இதைவிட நல்ல சாப்ட்வேர் வரும்போது, அதற்குக் கொடுக்க உங்களிடம் முதல் பிரதி இருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவில் உள்ள டிஸ்க்குகளை வெளியே எடுத்து, எவை இன்னும் ஓடுகின்றன என்று சோதித்துப் பாருங்கள். மிகப் பழையதிலிருந்து தொடங்குங்கள்.